பால் எர்லிக்

பால் எர்லிக் (மார்ச் 14, 1854 – ஆகஸ்ட் 20, 1915) ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவரும் அறிவியலாளரும் ஆவார். குருதியியல், நோயெதிர்ப்பியல், வேதிச்சிகிச்சை ஆகிய மூன்று துறைகளிலும் அடிப்படையான பங்களிப்புகளைச் செய்தவர். நோயெதிர்ப்பு ஆய்வுகளுக்காக 1908 ஆம் ஆண்டின் மருத்துவத்திற்கான நோபல் பரிசை உருசிய அறிவியலாளர் இலியா மெச்னிக்கோவுடன் பகிர்ந்து கொண்டார். மேகநோய்க்கான (சிபிலிஸ்) முதல் செயல்திறன் மிக்க மருந்தான சால்வர்சான் இவரது ஆய்வுக்கூடத்தில் உருவானது.

ஒரு பொருள் உயிரணுவில் பிணைந்தால் மட்டுமே அதன் மீது செயல்பட முடியும் என்பது எர்லிக்கின் வாழ்நாள் ஆய்வின் மையக் கருத்தாகும். உயிரணுவில் இவ்வாறு பிணையும் இடங்களை இவர் ஏற்பிகள் என்று அழைத்தார். புற்றுநோய்க்கு மருந்து காண இவர் செய்த முயற்சிகள் வெற்றி பெறவில்லை. எனினும், உயிரணு மென்சவ்வையும் அதன் வழியாகச் செல்லும் சமிக்ஞைகளையும் குறிவைக்கும் இன்றைய புற்றுநோய் மருந்துகள் பல இவரது கருத்தின் வழியிலேயே அமைந்துள்ளன.

பிறப்பும் இளமையும்

எர்லிக் அன்றைய பிரஷ்யாவின் சைலீசியா மாகாணத்தில் உள்ள ஸ்ட்ரேலன் என்ற சிற்றூரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தை இஸ்மார் எர்லிக் மதுவடிப்புத் தொழில் செய்து வந்தார். தாயார் ரோசா வைகர்ட். தாய்வழி உறவினரான கார்ல் வைகர்ட், நுண்ணுயிர்களை அனிலின் சாயங்களால் நிறமூட்டி நுண்ணோக்கியில் காணும் முறையை முதன்முதலாகக் கையாண்ட நோயியலாளர்களுள் ஒருவர். எர்லிக்கின் ஆர்வத்தைச் சாயங்களின் பக்கம் திருப்பியவர் இவரே.

எர்லிக் பிரெஸ்லாவ் நகரிலுள்ள மரியா மக்தலேனா உயர்நிலைப் பள்ளியில் கல்வி கற்றார். பின்னாளில் மேகவெட்டை நோயின் நுண்ணுயிரைக் கண்டறிந்த ஆல்பர்ட் நைசர் அங்கு இவரது பள்ளித் தோழராக இருந்தார்.

மருத்துவக் கல்வியும் சாயங்களும்

எர்லிக் பிரெஸ்லாவ், ஸ்ட்ராஸ்பூர்க், பிரைபூர்க், லைப்சிக் ஆகிய பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்றார். அக்காலத்தில் ஜெர்மனியின் சாயத் தொழில் வேகமாக வளர்ந்து கொண்டிருந்தது. நிலக்கரித் தாரிலிருந்து புதிய செயற்கைச் சாயங்கள் தொடர்ந்து சந்தைக்கு வந்தன. துணிகளுக்கு நிறமூட்டப் பயன்பட்ட இச்சாயங்களை எர்லிக் விலங்குகளின் திசுக்களில் இட்டுப் பார்த்தார். ஒரு சாயம் சில உயிரணுக்களில் மட்டும் படிந்து, அருகிலுள்ள மற்றவற்றில் படியாமல் விடுவதை இவர் கவனித்தார்.

1878 ஆம் ஆண்டு லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு திசுக்களுக்கு நிறமூட்டுவதன் கோட்பாட்டையும் செயல்முறையையும் பற்றியதாகும். சாயம் திசுவில் படிவது வெறும் நனைதல் அன்று, அது சாயத்திற்கும் உயிரணுவின் பொருளுக்கும் இடையே நிகழும் வேதி உறவு என்பதே இவரது நிலைப்பாடு. துகள்கள் நிறைந்த ஒருவகை உயிரணுக்களை இந்த ஆய்வேட்டில் விவரித்து அவற்றுக்கு மாஸ்ட் உயிரணுக்கள் எனப் பெயரிட்டார். ஒவ்வாமையில் இவ்வுயிரணுக்களுக்கு உள்ள பங்கு பின்னாளில்தான் தெரிய வந்தது.

சாரித்தே மருத்துவமனையில்

1878 இல் எர்லிக் பெர்லின் நகரின் சாரித்தே மருத்துவமனையில் தியோடர் பிரெரிக்சின் கீழ்ப் பணியில் சேர்ந்தார். அமிலச் சாயங்கள், காரச் சாயங்கள், நடுநிலைச் சாயங்கள் ஆகியவற்றைக் குருதியில் பயன்படுத்தி வெள்ளையணுக்களை வகைப்படுத்தினார். இயோசின் என்னும் சிவப்புச் சாயத்தை ஏற்கும் இயோசினேற்பிகள் இவ்வாறே 1879 இல் அடையாளம் காணப்பட்டன. இன்று குருதிப் பரிசோதனைகளில் வெள்ளையணுக்களை வகைவாரியாக எண்ணும் முறை இந்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்ததாகும்.

1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் காசநோய் நுண்ணுயிரைக் கண்டறிந்ததாக பெர்லினில் அறிவித்தார். அக்கூட்டத்தில் இருந்த எர்லிக் விரைவிலேயே அந்நுண்ணுயிருக்கு நிறமூட்டும் மேம்பட்ட முறை ஒன்றை உருவாக்கினார். ஒருமுறை சாயத்தை ஏற்றுக்கொண்ட காசநோய் நுண்ணுயிர், அமிலத்தால் கழுவினாலும் நிறம் இழக்காது என்பதை இம்முறை காட்டியது. பின்னர் சீல், நீல்சன் ஆகியோர் இதனை மேம்படுத்தினர்.

1883 இல் எர்லிக் ஹெட்விக் பிங்குசை மணந்தார். இவர்களுக்கு ஸ்டெபானி, மரியன்னே என இரு மகள்கள் பிறந்தனர்.

1885 இல் உயிரினத்தின் ஆக்சிசன் தேவை குறித்த நூலை எர்லிக் வெளியிட்டார். ஆக்சிசன் இருக்கும்போது ஒரு நிறமும், அது நீங்கும்போது வேறு நிலையும் காட்டும் சாயங்களை உயிருள்ள விலங்குகளில் செலுத்தி, எந்த உறுப்பு எவ்வளவு ஆக்சிசனைப் பயன்படுத்துகிறது என்பதை அறிய முயன்றார். உயிருள்ள பொருளுக்கு ஒரு மையப் பகுதியும் அதனைச் சுற்றிப் பல பக்கச் சங்கிலிகளும் உண்டு என்ற எண்ணம் இந்நூலில்தான் முதன்முதலில் தோன்றியது. ஊட்டப் பொருள்களைப் பற்றிக் கொள்வது இந்தச் சங்கிலிகளின் பணி என இவர் கருதினார்.

குருதியில் செலுத்தப்பட்ட சாயங்கள் பல உறுப்புகளுக்கு நிறமூட்டிய போதும் மூளைக்கு நிறமூட்டவில்லை என்பதையும் இக்காலத்தில் கண்டார். மூளைக்கு அச்சாயங்களின்பால் ஈர்ப்பு இல்லை என்பது இவர் தந்த விளக்கம். பின்னாளில் இவரது மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913 இல் வெளியிட்ட சோதனைகள் இதற்கு வேறொரு காரணம் இருப்பதைக் காட்டின. குருதிக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு உள்ளது. பல புற்றுநோய் மருந்துகள் மூளைக் கட்டிகளை எளிதில் சென்றடையாமைக்கு இன்றும் இத்தடுப்பே முதன்மையான காரணம்.

காசநோயும் எகிப்துப் பயணமும்

பிரெரிக்ஸ் 1885 இல் இறந்த பின்னர் மருத்துவமனையில் எர்லிக்கிற்கு இருந்த ஆய்வுச் சுதந்திரம் குறைந்தது. 1888 இல் இவருக்குக் காசநோய் கண்டது. தாம் மேம்படுத்திய முறையையே பயன்படுத்தித் தமது சளியில் நோய் நுண்ணுயிரைக் கண்டார் என்று கூறப்படுகிறது. மனைவியுடன் எகிப்துக்குச் சென்று தங்கி, 1889 இல் நலமடைந்து பெர்லின் திரும்பினார்.

திரும்பியபோது இவருக்குப் பதவி எதுவும் இல்லை. சிறிய தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்துக் கொண்டு பணியைத் தொடர்ந்தார். 1891 இல் கோக் தமது புதிய தொற்றுநோய் ஆய்வு நிறுவனத்திற்கு இவரை அழைத்துக் கொண்டார்.

அதே ஆண்டில் பால் குட்மன் என்ற மருத்துவருடன் இணைந்து, மலேரியா நோயாளிகள் இருவருக்கு மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை மருந்தாகக் கொடுத்தார். மலேரியா ஒட்டுண்ணி நுண்ணோக்கியின் கீழ் இச்சாயத்தை ஏற்பதை அறிந்திருந்ததே இம்முயற்சிக்குக் காரணம். நோயாளிகள் குணமடைந்தனர். முழுவதும் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட ஒரு பொருள் மனிதரின் தொற்றுநோய்க்கு மருந்தாக வழங்கப்பட்ட முதல் நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று.

குன்றிமணியும் ஆமணக்கும்

1891 இல் எர்லிக் நோயெதிர்ப்பை அளந்தறிய இரு தாவர நச்சுகளைப் பயன்படுத்தினார். ஒன்று ஆமணக்கு விதையிலுள்ள ரிசின். மற்றொன்று குன்றிமணியிலுள்ள ஆப்ரின். இந்நச்சுகளை மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிச் சுண்டெலிகளுக்கு உணவில் கொடுத்து வந்தார். சில வாரங்களில் அவை, சாதாரணச் சுண்டெலிகளைக் கொல்லும் அளவைவிடப் பல மடங்கு நச்சைத் தாங்கின. ரிசினைத் தாங்கும் சுண்டெலி ஆப்ரினைத் தாங்கவில்லை. ஆப்ரினைத் தாங்குவது ரிசினைத் தாங்கவில்லை. எதிர்ப்பாற்றல் ஒவ்வொரு நச்சுக்கும் தனித்தன்மை உடையது என்பது இதனால் தெளிவாயிற்று.

இவ்விரு நச்சுகளும் உயிரணு மென்சவ்வின் வெளிப்புறத்தில் உள்ள சர்க்கரைத் தொகுதிகளில் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைகின்றன என்பது பிற்கால ஆய்வுகளில் தெரிய வந்தது. ஒட்டிக்கொள்வதற்கு ஒரு பகுதியும் கொல்வதற்கு மற்றொரு பகுதியுமாக இவை அமைந்துள்ளன.

தொண்டை அடைப்பான் எதிர்நச்சு

1890 இல் எமில் பெரிங்கும் ஜப்பானியரான கிட்டசாட்டோ சிபாசாபுரோவும், நச்சு செலுத்தப்பட்ட விலங்கின் குருதி நீரில் அந்நச்சை முறிக்கும் எதிர்நச்சு உண்டாவதைக் கண்டறிந்தனர். அக்காலத்தில் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) குழந்தைகளைப் பெருமளவில் கொன்று வந்தது. ஆனால் எதிர்நச்சின் வலிமை ஒவ்வொரு முறை தயாரிக்கும் போதும் மாறுபட்டதால் சிகிச்சையை நம்பகமாகச் செய்ய இயலவில்லை. வலிமை மிக்க எதிர்நச்சைப் பெறும் முறையையும், அதனை அளவிடும் முறையையும் எர்லிக் உருவாக்கினார். 1897 இல் வெளியான இவரது அளவீட்டு முறை பின்னாளில் பன்னாட்டுத் தர அலகிற்கு அடிப்படையானது.

இப்பணியில் கிடைத்த வருவாயும் புகழும் பெரிங்கிற்கே பெரிதும் சென்றன. இதனால் இருவருக்கும் இடையே மனக்கசப்பு ஏற்பட்டது. மருத்துவத்திற்கான முதல் நோபல் பரிசு 1901 இல் பெரிங்கிற்கு மட்டும் வழங்கப்பட்டது. எர்லிக் 1896 இல் பெர்லினை அடுத்த ஸ்டெக்லிட்சில் குருதிநீர் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். 1899 இல் அந்நிறுவனம் பிராங்க்ஃபுர்ட் நகருக்கு மாற்றப்பட்டு, அரச செய்முறைச் சிகிச்சை நிறுவனம் எனப் பெயர் பெற்றது.

பக்கச் சங்கிலிக் கோட்பாடு

எதிர்நச்சு உடலில் எவ்வாறு உண்டாகிறது என்ற கேள்விக்கு எர்லிக் 1897 முதல் அளித்த விடையே பக்கச் சங்கிலிக் கோட்பாடு எனப்படுகிறது. அதன் சாரம் வருமாறு:

* உயிரணுவில் பலவகைப் பக்கச் சங்கிலிகள் உள்ளன. இவற்றின் இயல்பான பணி ஊட்டப் பொருள்களைப் பற்றுவதாகும்.
* நச்சு மூலக்கூறில் பிணையும் பகுதி, நஞ்சூட்டும் பகுதி என இரு பகுதிகள் உள்ளன. பூட்டில் சாவி பொருந்துவது போல, பிணையும் பகுதி ஒரு குறிப்பிட்ட பக்கச் சங்கிலியில் பொருந்துகிறது.
* பொருந்தும் சங்கிலி இல்லாத உயிரணுவை அந்நச்சு தாக்காது.
* நச்சால் அடைபட்ட சங்கிலிகளுக்கு ஈடாக உயிரணு புதியவற்றை மிகுதியாக உண்டாக்குகிறது. மிகுந்தவை கழன்று குருதியில் கலக்கின்றன. இவையே எதிர்நச்சு.

1900 இல் இலண்டன் அரச கழகத்தில் ஆற்றிய குரூனியன் சொற்பொழிவில் எர்லிக் இக்கோட்பாட்டைப் படங்களுடன் விளக்கினார். அதே ஆண்டில் யூலியஸ் மோர்கன்ரோத்துடன் எழுதிய கட்டுரையில் பக்கச் சங்கிலிக்கு ஏற்பி என்ற பெயர் இடப்பட்டது.

இக்கோட்பாட்டின் எல்லாப் பகுதிகளும் நிலைக்கவில்லை. பிறபொருளெதிரிகளை (நோயெதிர்ப்புப் புரதங்களை) எல்லா உயிரணுக்களும் உண்டாக்குவதில்லை, பி வகை நிணநீரணுக்களின் வழித்தோன்றல்களே உண்டாக்குகின்றன. எனினும், அவ்வணுக்கள் தமது மென்சவ்வில் ஏற்பியாகத் தாங்கியுள்ள அதே புரத வகையையே பின்னர் குருதியில் வெளியிடுகின்றன. இவ்வகையில் எர்லிக்கின் ஊகம் உண்மைக்கு நெருங்கியதாகவே இருந்தது.

வேதிச்சிகிச்சை

பிறபொருளெதிரி தனது இலக்கை மட்டும் தாக்கி உடலின் பிற பகுதிகளை விட்டுவிடுகிறது. வேதிப் பொருள் ஒன்றையும் இவ்வாறே செயல்படச் செய்ய இயலுமா என்பது எர்லிக்கின் அடுத்த கேள்வியாக இருந்தது. நோய்க்கிருமியை மட்டும் தேடிச் சென்று தாக்கும் இத்தகைய மருந்தை இவர் மாயத் தோட்டா என்று வர்ணித்தார். வேதிச்சிகிச்சை என்ற சொல்லையும் இவரே புழக்கத்திற்குக் கொண்டு வந்தார்.

வங்கி உரிமையாளர் கேயார்க் ஸ்பையரின் மனைவி பிரான்சிஸ்கா ஸ்பையர், தம் கணவரின் நினைவாக அளித்த நன்கொடையால் 1906 இல் பிராங்க்ஃபுர்ட்டில் கேயார்க் ஸ்பையர் இல்லம் என்ற ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. எர்லிக் அதன் இயக்குநரானார். வேதியியலாளர்கள் புதிய சேர்மங்களைத் தயாரிப்பதும், உயிரியலாளர்கள் அவற்றை நோயுற்ற விலங்குகளில் சோதிப்பதும், முடிவுகளைக் கொண்டு சேர்மங்களை மீண்டும் மாற்றியமைப்பதும் இங்கு ஒழுங்குபட்ட முறையில் நடைபெற்றன. இன்றைய மருந்தாக்க ஆய்வுகள் இம்முறையையே பின்பற்றுகின்றன.

மருந்தெதிர்ப்பும் வேதி ஏற்பிகளும்

1904 இல் எர்லிக்கும் கியோஷி ஷிகாவும், டிரிப்பனோசோமா என்ற ஒட்டுண்ணியால் நோயுற்ற சுண்டெலிகளை டிரிப்பான் சிவப்பு என்ற சாயத்தால் குணப்படுத்தினர். ஆனால் சிகிச்சையைத் தொடர்ந்தபோது மருந்துக்கு அடங்காத ஒட்டுண்ணிகள் தோன்றின. இதனைத் தோல்வியாகக் கருதி விட்டுவிடாமல் எர்லிக் ஆராய்ந்தார். ஆர்சனிக் சேர்மங்களுக்கு அடங்காத ஒட்டுண்ணிகள் டிரிப்பான் சிவப்புக்கு அடங்கின. சாயத்திற்கு அடங்காதவை ஆர்சனிக்கிற்கு அடங்கின. ஒவ்வொரு மருந்து வகைக்கும் ஒட்டுண்ணியில் தனித்தனிப் பிணைப்பு இடங்கள் உள்ளன என்றும், எதிர்ப்புப் பெற்ற ஒட்டுண்ணியில் அவ்விடத்தின் ஈர்ப்பு குறைந்து விடுகிறது என்றும் இவர் முடிவு செய்தார்.

நச்சுகளுக்கு ஏற்பிகள் உண்டு என்று கூறி வந்த எர்லிக், மருந்துகளுக்கும் ஏற்பிகள் உண்டு என்பதை அதுவரை ஏற்கவில்லை. பல மருந்துகளைத் திசுவிலிருந்து கரைப்பான் கொண்டு எளிதாகப் பிரித்தெடுக்க முடிந்ததே இதற்குக் காரணம். ஆங்கிலேயரான ஜான் நியூபோர்ட் லாங்லி 1905 இல் தசையில் ஏற்கும் பொருள் ஒன்று உள்ளது எனக் கூறியிருந்தார். அக்கருத்தும் தமது மருந்தெதிர்ப்பு ஆய்வுகளும் சேர்ந்து எர்லிக்கின் எண்ணத்தை மாற்றின. 1907 முதல் இவர் வேதி ஏற்பிகள் பற்றி எழுதத் தொடங்கினார்.

இம்முடிவு எவ்வளவு சரியானது என்பது நெடுங்காலத்திற்குப் பின்னர் தெரிந்தது. ஆர்சனிக் மருந்துகளை உள்ளே கடத்தும் மென்சவ்வுப் புரதம் ஒன்று, எதிர்ப்புப் பெற்ற டிரிப்பனோசோமாவில் இல்லை என்பது 1993 இல் கண்டறியப்பட்டது. மருந்து நுழையும் வாயிலே அடைபட்டிருந்தது.

சால்வர்சான்

1905 இல் மேகநோயை உண்டாக்கும் சுருள் வடிவ நுண்ணுயிர் கண்டறியப்பட்டது. அட்டாக்சில் என்ற ஆர்சனிக் சேர்மத்தின் உண்மையான அமைப்பை 1907 இல் எர்லிக்கும் வேதியியலாளர் ஆல்ஃபிரட் பெர்ட்ஹைமும் கண்டறிந்தனர். அட்டாக்சில் பார்வை நரம்பைச் சேதப்படுத்தியதால் பயன்படுத்த ஏற்றதாக இல்லை. அதன் அமைப்பு தெரிந்தமையால் அதிலிருந்து நூற்றுக்கணக்கான புதிய சேர்மங்களைத் தயாரிக்க வழி பிறந்தது.

அவற்றுள் 606 என எண்ணிடப்பட்ட சேர்மம் முதலில் பயனற்றதாக ஒதுக்கப்பட்டிருந்தது. ஜப்பானிலிருந்து வந்த சாகாசிரோ ஹாட்டா 1909 இல் அதனை மேகநோயுற்ற முயல்களில் மீண்டும் சோதித்து அதன் ஆற்றலைக் கண்டறிந்தார். 1910 ஏப்ரலில் இம்முடிவுகள் அறிவிக்கப்பட்டன. விற்பனைக்கு வரும் முன்னர் சுமார் 65,000 குப்பிகளை மருத்துவர்களுக்கு இலவசமாக அனுப்பி, நோயாளிகளின் நிலை பற்றிய அறிக்கைகளை எர்லிக் பெற்றார். ஹேக்ஸ்ட் நிறுவனம் இதனைச் சால்வர்சான் என்ற பெயரில் 1910 இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. எளிதில் கரையும் நியோசால்வர்சான் 1912 இல் வெளியானது.

இம்மருந்து கடும் எதிர்ப்பையும் சந்தித்தது. காற்றுப் பட்டால் கெட்டுவிடும் தன்மையுடையதால் இதனைக் கரைத்துச் செலுத்துவது கடினமாக இருந்தது. பக்க விளைவுகளும் சில இறப்புகளும் நேர்ந்தன. மேகநோய் ஒழுக்கக்கேட்டிற்கான தண்டனை, அதற்கு மருந்து தேவையில்லை என்று கருதியோரும் எதிர்த்தனர். பிராங்க்ஃபுர்ட் மருத்துவமனையில் பாலியல் தொழிலாளர்களுக்கு இம்மருந்து வலுக்கட்டாயமாகக் கொடுக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு 1914 இல் நீதிமன்றம் வரை சென்றது. எர்லிக் அவ்வழக்கில் சாட்சியம் அளித்தார். குற்றம் சாட்டியவருக்கு அவதூறுக்காகச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இந்நெருக்கடிகள் எர்லிக்கின் உடல்நலத்தைப் பாதித்தன.

1940களில் பெனிசிலின் வரும் வரை மேகநோய்க்கு ஆர்சனிக் மருந்துகளே முதன்மையான சிகிச்சையாக விளங்கின.

புற்றுநோய் ஆய்வுகள்

எர்லிக் 1901 முதல் புற்றுநோய் ஆய்விலும் ஈடுபட்டார். சுண்டெலிகளின் கட்டிகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் பதியமிட்டு, அவற்றின் வளர்ச்சியை ஹூகோ அபோலான்டுடன் சேர்ந்து ஆராய்ந்தார். ஏற்கெனவே ஒரு கட்டி வளர்ந்து கொண்டிருக்கும் சுண்டெலியில் இரண்டாவது கட்டியைப் பதியமிட்டால் அது பெரும்பாலும் வளர்வதில்லை. முதல் கட்டி ஊட்டப் பொருள்களை மிகுந்த ஈர்ப்புடன் கவர்ந்து கொள்வதே காரணம் என எர்லிக் கருதினார். புற்றணுவின் ஏற்பிகளுக்கு இயல்பான உயிரணுவின் ஏற்பிகளைவிட ஈர்ப்பு மிகுதி என்பது இவ்விளக்கத்தின் உட்பொருளாகும். இவ்விளக்கம் பின்னர் கைவிடப்பட்டது.

உடலில் புற்றணுக்கள் அடிக்கடி தோன்றுகின்றன என்றும், நோயெதிர்ப்பாற்றல் அவற்றை அடக்கி வைக்கிறது என்றும் 1909 இல் இவர் கூறினார். இக்கருத்து அரை நூற்றாண்டிற்குப் பின்னர் நோயெதிர்ப்புக் கண்காணிப்பு என்ற பெயரில் மீண்டும் எழுந்தது.

புற்றுநோய்க்கு எதிராகச் சாயங்களையும் பிற சேர்மங்களையும் எர்லிக் சோதித்தார். பயனுள்ள மருந்து எதுவும் கிடைக்கவில்லை. நோய்க்கிருமி உடலுக்கு அந்நியமானது. ஆகவே அதற்கு மட்டும் உரிய ஏற்பியைத் தேட முடிந்தது. புற்றணுவோ உடலின் சொந்த உயிரணுவிலிருந்தே தோன்றுவது. இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் அடையாளம் எது என்பதை அறிய அக்காலத்தில் வழி இல்லை.

எர்லிக்கின் கருத்தும் இன்றைய புற்றுநோய் மருந்துகளும்

எர்லிக்கின் காலத்தில் உயிரணு மென்சவ்வின் அமைப்பு அறியப்படவில்லை. அது கொழுமிய மூலக்கூறுகளின் ஈரடுக்கால் ஆனது என்பது 1925 இலும், அந்த ஈரடுக்கில் புரதங்கள் மிதந்து நகர்கின்றன என்ற மாதிரி 1972 இலும் முன்வைக்கப்பட்டன. ஏற்பிகளுள் பல இம்மென்சவ்வுப் புரதங்களே. வளர்ச்சிக் காரணிகள் போன்ற பொருள்கள் வெளியே வந்து பிணையும்போது ஏற்பியின் உட்பகுதி செயல்படத் தொடங்கி, பெருகுவதற்கான சமிக்ஞையை உயிரணுவின் உட்கருவரை கடத்துகிறது. ஏற்பி ஊட்டத்தைப் பற்றும் கை என்று எர்லிக் எண்ணினார். அது செய்தியைப் பெறும் உறுப்பாகவும் இருப்பது பின்னரே விளங்கியது.

ஏற்பியைத் தடுக்கும் மருந்துகள்: மார்பகப் புற்றுநோயாளிகளுள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினரின் புற்றணுக்களில் ஹெர்2 என்ற ஏற்பி மிகையாக உள்ளது. எர்லிக் தேடிய வேறுபாடு இங்குக் கிடைத்தது. இதனுடன் பிணையும் பிறபொருளெதிரியான டிராஸ்டுசுமாப் 1998 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இது வளர்ச்சிச் சமிக்ஞையைக் குறைப்பதுடன் நோயெதிர்ப்பு அணுக்களையும் புற்றணுவை நோக்கி ஈர்க்கிறது. இதய உயிரணுக்களிலும் ஹெர்2 சிறிதளவு இருப்பதால் சிலருக்கு இதயம் பாதிக்கப்படுகிறது. ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப் போன்ற சிறு மூலக்கூறுகள் மென்சவ்வைக் கடந்து சென்று, வளர்ச்சிக் காரணி ஏற்பியின் உட்பகுதியில் உள்ள கைனேஸ் நொதியைத் தடுக்கின்றன.

நச்சை ஏந்திச் செல்லும் மருந்துகள்: எர்லிக் அளவிட்ட தொண்டை அடைப்பான் நச்சே பின்னாளில் புற்றுநோய் மருந்தாயிற்று. அதன் பிணையும் பகுதியை நீக்கிவிட்டு, இண்டர்லியூக்கின் 2 ஏற்பியில் பொருந்தும் புரதத்தை இணைத்து உருவாக்கிய மருந்து, தோலைத் தாக்கும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்கு 1999 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பிணையும் பகுதி, நஞ்சூட்டும் பகுதி என்ற எர்லிக்கின் பிரிவினை இதில் அப்படியே செயல்படுத்தப்பட்டுள்ளது.

மென்சவ்வையே தாக்கும் மருந்துகள்: டாக்சோரூபிசின் ஒரு சிவப்பு நிறப் பொருள். உயிரணுவில் அது எங்குச் செல்கிறது என்பதை அதன் ஒளிர்வைக் கொண்டே நுண்ணோக்கியில் காணலாம். உட்கருவிலுள்ள டி.என்.ஏ.வைத் தாக்குவதே இதன் முதன்மைச் செயலாகும். எனினும் இம்மருந்தைச் சிறு மணிகளில் பிணைத்து, உயிரணுவுக்குள் நுழைய விடாமல் செய்தபோதும் புற்றணுக்கள் இறந்தன என்று 1982 இல் வெளியான சோதனை காட்டியது. மென்சவ்வில் ஏற்படும் மாற்றமும் உயிரணுவைக் கொல்லக்கூடும் என்பது இதன் பொருள். இழைமணியின் உள்மென்சவ்விலுள்ள கார்டியோலிப்பின் என்ற கொழுமியத்துடனும் இம்மருந்து வலுவாகப் பிணைகிறது. மில்டெபோசின் என்ற மருந்தோ கொழுமிய மூலக்கூறைப் போன்ற அமைப்புடையது. அது மென்சவ்வில் செருகிக் கொண்டு, உயிர்வாழ்வுக்கான சமிக்ஞைகளைக் குலைக்கிறது. புற்றுநோய்க்காக ஆராயப்பட்ட இம்மருந்து 2002 இல் இந்தியாவில் காலா அசார் என்ற ஒட்டுண்ணி நோய்க்கு வாய்வழி மருந்தாக ஒப்புதல் பெற்றது. அவ்வொட்டுண்ணி டிரிப்பனோசோமாவின் உறவினம் ஆகும்.

மருந்தெதிர்ப்பு: எர்லிக் ஒட்டுண்ணிகளில் கண்ட மருந்தெதிர்ப்பு புற்றணுக்களிலும் காணப்படுகிறது. 1976 இல் ஜூலியானோ, லிங் ஆகிய இருவரும் எதிர்ப்புப் பெற்ற உயிரணுக்களின் மென்சவ்வில் பி-கிளைக்கோபுரதம் என்ற பெரிய புரதத்தைக் கண்டனர். உள்ளே வந்த மருந்துகளை இப்புரதம் ஆற்றலைச் செலவிட்டு வெளியே தள்ளுகிறது. எர்லிக் கண்ட எதிர்ப்பு ஒரு மருந்து வகைக்கு மட்டும் உரியது. இப்புரதத்தால் உண்டாகும் எதிர்ப்போ ஒன்றோடொன்று தொடர்பற்ற பல மருந்துகளுக்கும் பொருந்துவது. இது புற்றுநோய்ச் சிகிச்சையின் பெருந்தடைகளுள் ஒன்றாகும்.

பழக்கவழக்கங்கள்

எர்லிக் எளிமையானவர் என்றும் பணியில் மிகுந்த ஈடுபாடு உடையவர் என்றும் உடன் பணியாற்றியோர் எழுதியுள்ளனர். நாளொன்றுக்குச் சுமார் 25 சுருட்டுகள் புகைத்து வந்தார். இவரது அறையில் நூல்களும் இதழ்களும் இருக்கைகள் மீதும் தரையிலும் குவிந்திருந்தன. உதவியாளர்களின் அன்றாடப் பணிகளை வண்ணச் சிறு அட்டைகளில் எழிதி அனுப்புவது இவரது வழக்கம். ஜப்பானியர் உட்படப் பல நாட்டு ஆய்வாளர்கள் இவரிடம் பயின்றனர்.

இறப்பு

முதல் உலகப்போர் தொடங்கிய 1914 ஆம் ஆண்டின் இறுதியில் எர்லிக்கின் உடல்நிலை மோசமடைந்தது. ஓய்வுக்காக பாட் ஹோம்பூர்க் சென்றிருந்தபோது ஆகஸ்ட் 20, 1915 அன்று தமது 61 ஆவது அகவையில் காலமானார். பிராங்க்ஃபுர்ட்டின் யூதக் கல்லறைத் தோட்டத்தில் இவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

மறைப்பும் நினைவும்

எர்லிக் வாழ்ந்த காலத்திலேயே பிராங்க்ஃபுர்ட்டில் ஒரு தெருவுக்கு இவரது பெயர் சூட்டப்பட்டது. நாஜி ஆட்சியில் இவர் யூதர் என்ற காரணத்தால் அப்பெயர் நீக்கப்பட்டது. இவரது பணிகள் மறைக்கப்பட்டு, பெரிங் மட்டும் முன்னிறுத்தப்பட்டார். இவரது மனைவி ஹெட்விக் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. போருக்குப் பின்னர் தெருவின் பெயர் மீட்கப்பட்டது. எர்லிக் தலைமை வகித்த அரச நிறுவனம் 1947 இல் பால் எர்லிக் நிறுவனம் எனப் பெயரிடப்பட்டது. ஜெர்மனியில் தடுப்பூசிகளுக்கும் பிறபொருளெதிரி மருந்துகளுக்கும் ஒப்புதல் வழங்கும் பொறுப்பு இந்நிறுவனத்திடம் உள்ளது. கேயார்க் ஸ்பையர் இல்லத்தில் இன்று புற்றுநோய் ஆய்வுகள் நடைபெறுகின்றன.

எர்லிக்கின் வாழ்க்கையைக் கூறும் அமெரிக்கத் திரைப்படம் ஒன்று 1940 இல் வெளியானது. யூரோ வருவதற்கு முன்னர் புழக்கத்தில் இருந்த ஜெர்மனியின் 200 மார்க் பணத்தாளில் இவரது உருவப்படம் இடம்பெற்றிருந்தது. பால் எர்லிக் மற்றும் லுட்விக் டார்ம்ஸ்டேட்டர் பரிசு மருத்துவ ஆய்வுக்காக ஆண்டுதோறும் வழங்கப்பட்டு வருகிறது.